கூடிக் காணும் பறவைகள்



பணி ஓய்வுக்குப் பின் பேச்சுத்துணையின்றி வாடியிருந்த என்னைப் பெயரன் ஒருநாள் விடியலில் கோமுகி அணைக்கு அழைத்துச் சென்றான். கல்வராயன் மலையடிவாரத்தில், பாறைமேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து அமர்ந்திருந்தது. "மூழ்கி மீன் பிடிக்கையில் இறகு நனைந்துவிடும் தாத்தா, அதனால்தான் வெயில் காய்கிறது" என்றான். பிறகு அரைமணி நேரம் இருவரும் பேசவில்லை. ஆயினும் என் தனிமை அகன்றது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். 2015 முதல் பொங்கல் நாள்களில் நடைபெற்றுவரும் பறவைக் கணக்கெடுப்பில் யாவரும் பங்குகொள்ளலாம். வீட்டு மாடியிலேயே 15 நிமிடமேனும் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் பதியலாம்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே இரை தேடும். அவற்றைக் காண நாமும் கூடியே செல்வோம். சிறுவர்க்குக் கண் கூர்மை. மூத்தோர்க்கோ ஊர்வழக்குப் பெயர்கள் தெரியும்.

ஒரு வேண்டுகோள். படமெடுக்கும் ஆவலில் கூட்டை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை வெருண்டு அகன்றால் முட்டை வெயிலில் கெடும். குஞ்சு காகத்திற்கு இரையாகும். விலகி நின்று நோக்குதலும் அகிம்சையே.

வரும் பொங்கலன்று, வீட்டில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரையேனும் உடனழைத்துச் செல்லுங்கள்.