ஒரு பிடி அரிசி



கொடுப்பது என்றதும், "நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்ற எண்ணமே நம்மில் பலருக்கு முதலில் தோன்றுகிறது. சம்பளம் வந்ததும் கடைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, சீட்டுப் பணம் என்று போய்விடுகிறது. ஈகை வசதி படைத்தவர்களுக்கு உரியது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். இதைப்பற்றிக் கிறிஸ்தவ சமயம் என்ன கூறுகிறது என்று இன்று பார்ப்போம்.

எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு அமர்ந்திருந்தார். செல்வர்கள் பெருந்தொகை போட்டனர். ஓர் ஏழைக் கைம்பெண் மிகச் சிறிய செப்புக்காசு இரண்டைப் போட்டாள். எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவள் இவளே என்றார் இயேசு. மற்றவர்கள் மிஞ்சியதில் கொடுத்தனர். அவளோ தன் பிழைப்புக்கு இருந்ததையே கொடுத்தாள். ஆனால் இதற்குச் சற்று முன்புதான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை அவர் கண்டித்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏழைகளைக் கசக்கி வாங்குவோருக்கு இச்சம்பவம் துணை நிற்காது.

பிற்காலத்தில், எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் உதவி திரட்டினார். கிரேக்க நாட்டின் வடபகுதியாகிய மக்கெதோனியாவின் சபையார் கடும் வறுமையில் இருந்தவர்கள். ஆயினும் தங்களுக்கும் இதில் பங்கு வேண்டுமென்று வேண்டிக் கேட்டுக் கொடுத்தார்கள். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் இதைக் குறிப்பிடுகிறார். வற்புறுத்தலுக்காகவும் மனக்கசப்போடும் கொடுக்கலாகாது, அவரவரிடம் உள்ளதற்கு ஏற்பக் கொடுத்தால் போதும் என்பது அவர் அறிவுரை.

இந்த அறிவுரை ஏழை வீட்டு அடுப்படியில் எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவின் வடகிழக்கில் மிசோரம் என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, நெல் விதைத்துப் பிழைத்தனர். பணப்புழக்கம் மிகக் குறைவு. 1910ஆம் ஆண்டில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களிடையே ஒரு வழக்கம் தொடங்கியது. உலை வைக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். பிறகு வீடு வீடாக அதைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தைச் சபையின் பணிகளுக்குக் கொடுப்பார்கள். 'பூஃபாய் தாம்', அதாவது 'ஒரு பிடி அரிசி' என்று அவர்கள் மொழியில் இதற்குப் பெயர். நூறாண்டுகள் கடந்தும் இவ்வழக்கம் தொடர்கிறது.

ஒரு பிடி குறைந்ததால் அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கையில் ஒரு காசும் இல்லாத பெண் அன்று முதல் கொடுப்பவளானாள். பணத்துக்காக அவள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் பிறரை நினைக்கிறாள். தன்னாலும் பிறருக்கு உதவ முடியும் என்ற நிறைவு அவளுக்குக் கிடைக்கிறது. ஈகையின் மகிழ்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான்.

பிடி அரிசி நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த வழக்கமே. நாம் எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் இதைக் கடைப்பிடிக்கலாம். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் வயிற்றைக் காயப்போட்டுக் கொடுக்க வேண்டாம். பத்தாகத் திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அது வியாபாரமாகிவிடும். பக்கத்து வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, வேலையிழந்த குடும்பத்துக்கு ஒரு சேர் அரிசி, இவை நம்மால் முடியாதவையல்ல. அந்தப் பிடி அரிசியை நம் பிள்ளைகளின் கையாலேயே போடச் செய்வோம். கொடுத்துப் பழகிய பிள்ளை, தன்னை ஏழையென்று எண்ணிக் குன்றிப்போகாது.