இல்லத்து இசையறையும் ஒலிபெருக்கியும்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகின்றது என்பது ஈழநாடெங்கும் அறிந்த செய்தி. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டில் இரவுவேளையில் இவ்வாவியிலே படகேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை எழுதியும் வைத்தார். படகின் மரத்திலே காதைப் பொருத்திய அளவில் ஒலி பெரிதும் மிகுந்தது என்பது அவர் தந்த குறிப்புக்களுள் ஒன்று. பாடியது மீனோ சிப்பியோ என்னும் வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஆயினும், பலகை செய்த பணியில் ஐயமில்லை. நீரின் நுண்ணிய அதிர்வைத் தன் அகன்ற பரப்பினால் வாங்கிச் செவிக்கு அது கொடுத்தது. சிற்றதிர்வைப் பெரும் பரப்பினாலே காற்றுக்குக் கொடுத்தலாகிய இத்தொழிலையே வீணையின் குடமும் ஒலிபெருக்கியின் கூம்பும் செய்கின்றன.

ஆனால் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. வீணையின் குடம் தானும் சேர்ந்து பாடவேண்டும். அதனாலேயே அது பலாமரத்திற் குடையப்படுகின்றது. ஒலிபெருக்கியின் பெட்டியோ தான் பாடலாகாது. பாடினால், வீணையின் நாதத்தோடு பெட்டியின் நாதமும் கலந்து எல்லா வாத்தியமும் ஒரே மரத்திற் செய்தனபோல ஒலிக்கும். விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளிற் பெரும்பாற் பணம் இந்தப் பேச்சில்லாத பெட்டிக்கே செலவாகின்றது. விரல்மொட்டினால் பெட்டியின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தல் வாங்குவோர் செய்யத்தக்க முதற் சோதனை. மத்தளம்போல முழங்குவதைவிட மண்சுவர்போல மழுங்குவது நன்று.

இத்தகைய ஆராய்ச்சி இப்பகுதிக்குப் புதியதன்று. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கினாலும் செவியினாலும் அளந்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தவர். இசையைக் கேட்கும் கருவியைத் தெரிவு செய்வதற்கும் அவ்விரண்டுமே வேண்டும். கணக்கு மட்டும் போதாது. செவி மட்டுமாயின் ஏமாறும்.

களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற ஒருவர், தமது பணிக்கொடையிலே ஒரு பகுதியை ஒதுக்கி, வீட்டின் முன்னறையை இசை கேட்கும் அறையாக்க எண்ணுகின்றார் என்க. அவர் மற்றொருமுறை அப்பணத்தைக் காணப்போவதில்லை. கொழும்பிலுள்ள கடையொன்றில், குளிரூட்டிய அறையில், தடித்த கம்பளத்தின்மேல் வைத்துக் காட்டப்படும் கருவி அவருடைய சீமெந்துத் தரையிலே எவ்வாறு ஒலிக்கும் என்பதே கேள்வி.

இன்று வழங்கும் ஒலிபெருக்கிகளில் மிகப்பெரும்பாலானவை, அமெரிக்கப் பொறியியலாளராகிய றைசும் கெலொக்கும் 1925இல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்தவை. காந்தத்தின் இடைவெளியிலே நிற்கும் கம்பிச்சுருள் மின்னோட்டத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைய, அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. அதன்பின் எழுந்தவை பெரும்பாலும் பெட்டியைப் பற்றிய மாற்றங்களே. போல் கிளிப்ஷ் 1946இல் அமைத்த பெருங்கொம்பு மிகக் குறைந்த மின்வலுவில் மண்டபத்தையே நிறைக்கும். ஆனால் அறையின் மூலைச்சுவர் இரண்டையும் தன் கொம்பின் உறுப்பாகக் கொள்வது அது. காற்றுக்காக மூலைதோறும் கதவும் சன்னலும் வைத்துக் கட்டிய வீட்டில் அதற்கு இடமேது? எட்கர் வில்ச்சர் 1954இல் அடைத்த சிறு பெட்டியினுள் அகப்பட்ட காற்றையே வில்லாகக் கொண்டு ஆழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டினார். இன்றைய சிறிய ஒலிபெருக்கிகளுக்குப் பெருவழி திறந்தது அதுவே. இங்கிலாந்திலே பீற்றர் வோக்கர் 1957இல் விற்பனைக்குக் கொணர்ந்த நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை; பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில் நிற்கும் மெல்லிய தாளொன்றே பாடுகின்றது. மனிதக் குரலை அதனினும் தூய்மையாகத் தருவது அரிது என்பார் பலர். ஆயினும் உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று அத்தகைய மின்னழுத்தத்திற்கு நண்பனன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஊருக்கு அது பொருந்துமென்று சொல்ல எவரும் தயங்குவர்.

கருவியைவிட அறையே பெரிய வாத்தியம். இதனை அளந்து காட்டியவர் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வலஸ் சபைன். 1895இல், எதிரொலியாற் கெட்டுப்போன விரிவுரை மண்டபமொன்றைத் திருத்தும் பணி அவரிடம் வந்தது. அயலிலிருந்த அரங்கின் ஆசனமெத்தைகளை இரவிலே சுமந்துவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றது என்று அளந்தார். பின்னர் அவர் ஒலியுறிஞ்சுதலுக்கு அலகாகக் கொண்டது எதனை என்றால், திறந்த சன்னலை! சன்னல்வழி வெளியேறிய ஒலி மீண்டு வராதல்லவா? களுவாஞ்சிக்குடி வீட்டார்க்கு இது நற்செய்தி. கிழக்கே கடற்காற்றுக்கும் மேற்கே வாவிக்காற்றுக்கும் திறந்த சன்னல்கள், கடைக்காரர் காட்டும் விலையுயர்ந்த உறிஞ்சுபலகைகளைவிடச் சிறந்தவை. ஆனால், திறந்த வழியே ஆழ்ந்த ஒலியும் ஓடிவிடும்; அயல்வீட்டு வானொலி உள்ளே வரும். வாடைக்காலத்து மழையில் சன்னலை அடைத்தாலோ, அதே அறை வேறோர் அறையாகிவிடும். ஆகவே, தெரிவு செய்யும் கருவியை இரு நிலையிலும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

அறையின் அளவும் தன் சுருதியைச் சேர்க்கும். 30 பாகை சதமளவு வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,145 அடி செல்கின்றது. 16 அடி நீளமும் 13 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறை, வினாடிக்கு 36, 44, 57 அதிர்வுகளில் தானாக முழங்கும். 12 அடிச் சதுர அறையாயின் நீளமும் அகலமும் 48 அதிர்வில் ஒன்றுகூடி அவ்வொரு சுரத்தையே அளவிறந்து பெருக்கும். சதுர அறையைத் தவிர்க்க முடியுமாயின் தவிர்க்க. முடியாதாயின் ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி முன்னே நகர்த்தி வைக்க. சுவரை ஒட்டினால் ஆழ்ந்த ஒலி மிகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே கைதட்டினால் ‘சரசர’வென்று நடுங்கும் ஒலி எழுமாயின், ஒரு சுவரிற் புத்தக அலுமாரியை நிறுத்துதல் நன்று. கோரைப்பாய் உச்ச ஒலிகளைச் சற்றுத் தணிக்கும். ஆழ்ந்த ஒலியை அது ஒன்றும் செய்யாது.

விளம்பரங்கள் ‘20 அதிர்வு முதல் 30,000 அதிர்வு வரை’ என்று முழங்கும். இந்த இரண்டு எண்களுக்கும் பணம் கொடுப்பவர் சற்று நின்று எண்ணுதல் தகும். ஒரு கட்டைச் சுருதியிற் கூட்டிய தம்புராவின் மந்தர சட்சம் ஏறக்குறைய 65 அதிர்வு. மேனாட்டுத் தேவாலயங்களின் முப்பத்திரண்டடிக் குழலே 16 அதிர்வுக்கு இறங்குவது. கருநாடக இசையும் கூத்துப் பாடலும் கேட்பவருக்கு 60 அதிர்வுவரை நேர்மையாகத் தரும் கருவி போதும்; அதன்கீழே இறங்குவதற்காகவே கருவியின் பருமனும் விலையும் இரட்டிக்கின்றன. மறுமுனையிலோ, இளஞ்செவிக்கே 20,000 எல்லை. அறுபதைக் கடந்தவர்களிற் பெரும்பாலோர்க்கு 12,000இற்கு மேல் கேட்பது அரிது. ஓய்வூதியம் பெறுபவர் 30,000 அதிர்வை வாங்குவது பேரனுக்கும் பயன்படாத முதுசம்.

செவியை எவ்வாறு நம்புவது? பிறித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துப் பொறியியலாளர், ஒருவர் பேசுவதை நேரிலே கேட்டு, அதே குரலை ஒலிபெருக்கியிலும் கேட்டு ஒப்பிட்டனர். வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்கென 1970களில் அவர்கள் வடித்த சிறு பெட்டி இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றது. வீட்டிலும் இதனைச் செய்யலாம். மனைவியோ மகளோ திறந்த முற்றத்திற் பேசுவதைப் பதிவு செய்து, கடைக்கு எடுத்துச் சென்று போட்டுப் பார்க்க. நாள்தோறும் கேட்கும் குரலிலே செவி ஏமாறுவதில்லை. அடுத்தது தம்புரா; சீவாளி நூலினால் எழும் அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் கேட்கவேண்டும். அதன்பின் மிருதங்கம். அதன் வலந்தலையிலே பூசிய கரணை தோலின் அதிர்வுகளை இசைவுபடுத்துகின்றது என்பதனைச் சேர் சி. வி. இராமன் 1920இல் விளக்கினார். நல்ல ஒலிபெருக்கியில் ‘நம்’ என்னும் சொல்லுக்குச் சுருதி இருக்கும். தாழ்ந்ததில் வெறுந்தட்டலே இருக்கும். நாகசுரத்தை இறுதியிற் கேட்க. அது உரத்துப் பாடும்பொழுது காது கூசுமாயின், குறை பெரும்பாலும் கருவியினதே.

இரண்டு சோடிகளை ஒப்பிடும்பொழுது ஒலியளவை ஒத்ததாக்கிக் கொள்ளுதல் இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும். இது கடைக்காரர் அறிந்த இரகசியம். கண்ணும் சாட்சியைக் கெடுக்கும். புளொயிட் ரூலும் ஷோன் ஒலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், திரையின் பின்னே வைத்துக் கேட்டவிடத்து ஒருவகையாகவும், பார்த்துக்கொண்டு கேட்டவிடத்து வேறுவகையாகவும் கேட்போர் மதிப்பிட்டனர். பழகிய செவியுடையோரும் இதற்கு விலக்கல்லர். ஒரு சேலையைக் குறுக்கே கட்டினாற் போதும்.

மின்வலுவையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும். ஒரு வாற்றுக்கு 90 டெசிபெல் தரும் கருவிக்கு 10 வாற்றுப் பெருக்கி செய்வதை, 83 டெசிபெல் தரும் கருவிக்கு 50 வாற்றுப் பெருக்கியே செய்யும். மேற்கூறிய வானொலி வண்டிப் பெட்டி இரண்டாவது வகையினது. சிறிய அறையிலே அருகிருந்து கேட்பார்க்கே உரியது.

இனி, கடற்காற்று. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பஞ்சினால் ஆயதாயின், ஈரக்காற்றிலே பத்துப் பதினைந்து ஆண்டில் உதிர்ந்துவிடும். இறப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். செம்புக் கம்பிகளின் முனை பச்சைக்களிம்பு ஏறும். ஆண்டுக்கொருமுறை அவிழ்த்துத் துடைத்தல் வேண்டும். அழுத்திய மரத்தூள் பலகையிலான பெட்டியாயின், அதன் உட்புறமும் அடிப்புறமும் ஈரம் புகாது பூசப்பட்டுள்ளனவா என்று திருப்பிப் பார்க்க. மெருகு முகப்பில் மட்டும் இருப்பது வழக்கம். சில விற்பனையாளர் பொருளை ஒரு கிழமைக்கு வீட்டிற் கொடுத்துப் பார்க்க இசைவர். அவ்வாறு இசையும் கடையிலேயே, ஓரிரு ஆயிரம் ரூபாய் கூடினாலும், வாங்குதல் நன்று. அந்தக் கிழமையில் ஒருநாளாவது, பகலில் கச்சான் ஓய்ந்து ஊரடங்கிய இரவில், சன்னலைத் திறந்துவைத்து, தம்புரா ஒன்றை மட்டும் மெல்லென ஒலிக்கவிட்டு அரைமணி நேரம் கேட்க. காது களைக்கின்றதா என்பது அப்பொழுது தெரிந்துவிடும்.