கொம்பு எந்தப் பக்கம்?

சிட்னியில் இப்போது இரவு 9 மணி. சென்னையில் மாலை நாலரை, லண்டனில் நண்பகல், டொரண்டோவில் காலை 7. தூக்கக் கலக்கத்தோடு இணைந்திருப்பவர்களுக்குத் தனி நன்றி. கதை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்டிசைன் பற்றிப் பேசப்போகிறேன். வடிவமைப்பு நான் படித்ததில்லை. படித்தது நர்ஸிங் டிப்ளமோ. பாளையங்கோட்டையில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்த பிழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பக்கவாத வார்டில் வேலை பார்த்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை தளர்ந்திருந்தது, பேச்சு கொஞ்சம் தேடித் தேடி வந்தது. விழுங்குவதில் சிரமம் இருந்ததால், தண்ணீரைக் கெட்டியாக்கிக் குடிக்கச் சொல்லும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதை வாசிக்கச் சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். அவரால் முடியவில்லை. 'தாய்மொழியில் வாசிப்புத் திறன் பாதிப்பு' என்று கோப்பில் ஏறிவிட்டது.

இரவுப் பணிக்கு நான் போனபோது அவர் அழுதுகொண்டிருந்தார். "கை போனாப் போகட்டும். தமிழும் போட்டுது பிள்ளை" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் வாசிக்க வரவில்லை. 'கெட்டியாக' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றது. 'கொஞ்சம்' என்பதில் கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் கிடந்தன. ஒரு வரி புள்ளியோடு தொடங்கியது. "அம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, தாளுக்குத்தான் பக்கவாதம்" என்றேன். அவர் நம்பவில்லை. தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். போனில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து பெரிதாக்கி நீட்டினேன். மெதுவாக வாசித்தார். இரண்டு வரி முடித்ததும் போனை என்னிடம் திருப்பித் தரவே இல்லை.

காலையில் டாக்டரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் சொன்னேன். கோப்பு திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் தாள் அப்படியே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பில் தமிழ் சரியாகத்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. தமிழ் தெரியாத ஒருவர் அதை வெட்டி ஒட்டி வடிவமைத்தபோது உடைந்திருக்கிறது.

எப்படி உடையும்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. மென்பொருளின் 7 நாள் இலவசச் சோதனையைத் தரவிறக்கினேன். அதில் 2 நாள் என் பழைய மடிக்கணினி அதை ஏற்றுக்கொள்ளவே போய்விட்டது.

யூனிகோடு தமிழில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்றுதான் சேமிக்கிறார்கள். 'கெ' என்றால் உள்ளே க முன்னால், கொம்பு பின்னால். திரையில் காட்டும்போது அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் நிறுத்தவேண்டும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து வரி அமைக்கும் இயந்திரம் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடுகிறது.

பழைய முறையில் இந்தச் சிக்கல் இல்லை. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியவை, தாளை விழுங்கின. உள்ளூரிலேயே சிறியவற்றை வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அந்த அச்சுக்கோப்பவர் கொம்பைத் தன் கையால் எடுத்து எழுத்துக்கு முன்னால் வைத்தார். தட்டச்சிலும் அப்படித்தான், பாமினியிலும் அப்படித்தான். நம் ஊர்க்காரர்கள் நினைவு மலரும் கல்யாண அட்டையும் அடிக்க இன்னும் பாமினியை விடாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல, எந்த மென்பொருளிலும் அது உடையாது. ஆனால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், 'அம்மா' ஆங்கில எழுத்துகளாகிவிடுவாள், புள்ளி இருந்த இடத்தில் ஓர் அரைப்புள்ளி நிற்கும்.

சரி, மருந்துக்கு வருகிறேன். இன்டிசைனில் தமிழ்ப் பத்தியைத் தெரிவுசெய்து, பத்திப் பலகத்தின் மூலையிலுள்ள பட்டியலைத் திறந்தால் 'வேர்ல்டு-ரெடி காம்போசர்' என்று ஒன்று இருக்கும். அதைச் சொடுக்குங்கள், கொம்புகள் வீடு திரும்பும். எனக்கு அப்போது இரவு 2 மணி. சத்தம் போட்டு வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்து என்ற பகுதியில் மத்திய கிழக்கு, தெற்காசியா என்று ஒரு தெரிவு உண்டு. அதை மாற்றிய பின் புதிய கோப்பு திறக்கவேண்டும். காசு கட்ட மனமில்லாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும். ஸ்கிரைபஸ் என்றால் 1.5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

இளஞ்சிவப்புக் கட்டங்கள் தெரிந்தால் வேறு நோய். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று அர்த்தம். நோட்டோ, முக்த மலர், கேட்டமரன் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. மேக் வைத்திருப்பவர்கள் 'தமிழ் சங்கம் எம்என்' பார்த்திருப்பீர்கள். அந்த எம்என் மலேசியாவின் முத்து நெடுமாறன். இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு அந்த எழுத்துரு மேல் தனிப் பாசம்.

இன்னொன்று, அழகுக்காக எழுத்துகளிடையே இடைவெளி கூட்டாதீர்கள். சரியாக இருந்த கொம்பும் எழுத்தை விட்டு விலகிப் போகும்.

திருத்திய தாளை அந்த அம்மாவிடம்தான் முதலில் கொண்டுபோனேன். இடது கையால் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, முழுவதும் வாசித்தார். பிறகு ஓர் இடத்தில் விரல் வைத்தார். "இதிலை ஒரு 'க்' வரவேணும் பிள்ளை."

வரத்தான் வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் விட்டிருந்தார், நானும் விட்டிருந்தேன். போட்டுக் கொடுத்தேன். 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். இந்தக் கூட்டத்தில் இருக்கும் சிட்னி, மெல்பன் நண்பர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் மருத்துவமனையில், பள்ளியில், நூலகத்தில் ஒட்டியிருக்கும் தமிழ்த் தாளை நின்று ஒருமுறை வாசியுங்கள். உடைந்திருந்தால் படம் எடுத்து அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். எந்தப் பட்டியலில் என்ன சொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் திருத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அது உடைந்திருக்கிறது என்றே தெரியாது.

உரையாடல் பெட்டியில் யாரோ கோரல்டிரா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் பழக்கமில்லை, பழகியவர்கள் ஒலிவாங்கியைத் திறந்து சொல்லுங்கள்.