குழந்தைகளின் பற்களும் குடும்பத்தின் வரவு செலவும்



கண்மாய்க் கரையில் கசிவு கண்டவுடன் மண்ணிட்டு அடைப்பதற்குச் செலவு சொற்பம். கரை உடைந்தபின் அடைப்பதற்கோ ஊரே திரளவேண்டும். குழந்தைகளின் பற்களைப் பற்றிய கணக்கும் இத்தகையதே.

சொத்தை என்பது புழுவின் வேலையன்று. பல்லின்மேல் படியும் அழுக்கிலுள்ள கிருமிகள் வெல்லம், சர்க்கரை, மிட்டாய் முதலியவற்றை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. புளோரைடு கலந்த பற்பசை அம்மேலோட்டை மீண்டும் உறுதிப்படுத்த உதவும்.

"விழப்போகும் பாற்பல்லுக்குச் செலவு ஏன்?" எனச் சிலர் வினவுவர். பாற்பற்களில் கடைவாய்ப் பற்கள் சுமார் 10 முதல் 12 வயது வரை நிற்பவை. அவை முந்தி விழுந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின் முளைக்கும் பல்லுக்கு இடமின்றிப் போகும். வலியுள்ள குழந்தை சரிவர உண்ணாது, உறங்காது, பாடத்தில் மனம் செலுத்தாது. தகப்பனுக்கோ வைத்தியச் செலவுடன் வண்டிச் சத்தமும் அன்றைய கூலியும் நஷ்டம். கடன் வாங்கினால் வட்டியும் சேரும்.

ஸ்காட்லாந்து தேசத்தார் இக்கணக்கை ஆராய்ந்திருக்கின்றனர். அங்கே சிறுகுழந்தைகள் பள்ளிகளில், பெரியோர் மேற்பார்வையில், குழந்தைகள் நாள்தோறும் புளோரைடு பற்பசையால் பல் துலக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கான செலவு வருஷத்துக்குச் சுமார் 17 லட்சத்து 60 ஆயிரம் பவுன். 5 வயதுக் குழந்தைகளின் பல் வைத்தியச் செலவோ 2001-02இல் சுமார் 87 லட்சத்து 70 ஆயிரம் பவுனாக இருந்து, 2009-10இல் சுமார் 40 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்தது. அவ்வருஷத்து மிச்சம் மட்டும் ஏற்பாட்டின் செலவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் 2002-03இல் வைத்தியச் செலவு குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. முதல் வருஷத்தில் பலனில்லையென்று கைவிட்டிருப்பின் பின்வந்த மிச்சம் கிட்டியிராது. சங்கத்தில் பங்குத்தொகை செலுத்திப் பொறுத்திருந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

செய்யவேண்டுவன சில. காலையும் இரவும் குழந்தை பல் துலக்குதல் வேண்டும். 3 வயதுக்குட்பட்டவர்க்கு அரிசியளவும், 3 முதல் 6 வயதினர்க்குப் பட்டாணியளவும் பற்பசை போதும். பெரியோர் உடனிருந்து, பசையை விழுங்காமல் துப்பச் செய்யவேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த கிராமங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. அடிக்கடி இனிப்புத் தருவதைக் குறைக்கவேண்டும். சொத்தை தொடங்கிவிட்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். துளையிடாமல் தடவியே சொத்தையை நிறுத்தவல்ல வெள்ளி டையமின் புளோரைடு என்னும் மருந்து, உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021இல் சேர்க்கப்பட்டது. தடவிய இடம் கறுத்துப்போகுமாயினும் வலியும் செலவும் குறையும்.

பிரஷும் பற்பசையும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை தணியும். அவற்றை ஊர் அங்கன்வாடிக்கு அளித்து, நாள்தோறும் பல் துலக்கச் செய்யலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொணர்ந்து, குறைந்தது மூன்று வருஷமாவது நடத்திப் பார்த்துக் கணக்கெழுதுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளலாகிறது.