டிஷ் வாங்குமுன் பேர்க் கணக்குப் போடுவோம்

(பளைப் பகுதித் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர். விடுமுறையில் சங்க வேலையாக உங்களிடம் வந்திருக்கிறேன். சம்பளம் பற்றித் தலைவர் பேசிவிட்டார். எனக்குக் கிடைத்த தலைப்பு சின்னது: டிவிக்கு எந்தப் பெட்டி வாங்குவது? சிரிக்காதீர்கள். காலையில் குடியிருப்புப் பக்கம் போனபோது ஆறேழு பேர் இதைத்தான் கேட்டார்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. லயத்துக்கு வந்த ஒரு வியாபாரியிடம் அப்பா தவணைக்கு இந்தியக் கட்டண டிஷ் ஒன்று வாங்கினார். முற்பணம் குறைவு, படமும் பளிச்சென்று இருந்தது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. தமிழ்மொழிப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் 'குருகெதர' என்ற பெயரில் வந்தன. எங்கள் பெட்டியில் நேத்ரா இல்லை. நாடகம் எல்லாம் இருந்தது. தங்கச்சியின் பாடம் மட்டும் இல்லை. ஆசிரியர் வீட்டிலேயே இந்த நிலைமை. பிறகு ஒரு மாதம் ரீலோட் பண்ணக் காசு வாங்கிய ஆள் போனை நிறுத்திவிட்டான். யாரிடம் முறையிடுவது? அந்தக் கம்பனிகளின் உரிமம் இந்தியாவுக்கு உரியது. நமக்கு இங்கே பதில் சொல்ல அவர்களுக்கு அலுவலகம் இல்லை. கையில் பற்றுச்சீட்டும் இல்லை. தவணையை மட்டும் அப்பா கடைசிவரை கட்டினார்.

ஆகவே கணக்கை ரூபாயில் போடாதீர்கள். மலையகத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம். பேரில் கணக்குப் போடுங்கள். மாதக் கட்டணம் ஒன்றரைப் பேர் என்று வைப்போம். வருடத்துக்கு 18 பேர். மூன்று வருடத்துக்கு 54 பேர். இரண்டு மாத உழைப்பு! 'பெட்டி சும்மா தருகிறோம்' என்று சொல்பவன் இந்த 54 பேரைப் பற்றி வாய் திறக்கமாட்டான்.

இப்போது வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, சாதாரண அன்டனா. நம் நாட்டு அலைவரிசைகளுக்கு இது போதும். பெட்டி வேண்டாம், மாதக் காசு வேண்டாம். 174 மீட்டர் உயரமான கொக்காவில் கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. பளையிலிருந்து அது தெற்கே இருக்கிறது. அன்டனாவை முதலில் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளின் பாடம், புயல் எச்சரிக்கை, சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்தி எல்லாம் உள்ளூர் அலைவரிசையில்தான் வரும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது சென்னைச் செய்தியைப் பார்த்துப் பளைக்காரர் என்ன முடிவெடுப்பது?

இரண்டாவது, இலவச டிஷ். இந்திய அரசின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. ஒருமுறை செலவோடு சரி. ஆனால் தமிழ் அலைவரிசைகள் குறைவு. டிடி தமிழ் வரும். பெரிய நாடகங்கள் எல்லாம் வரும் என்று கடைக்காரர் சொன்னால், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டயலொக் போன்ற உள்ளூர்க் கட்டண டிஷ். மலைக்குப் பின்னால் இருக்கும் லயங்களுக்கு அன்டனா எடுபடாது. அவர்களுக்கு இது உதவும். மண்சரிவு எச்சரிக்கையாவது காதில் விழும். ஆனால் முற்கொடுப்பனவு முறையில் எடுங்கள். வேலை குறைந்த மாதம் நிறுத்தி வைக்கலாம், கடன் ஏறாது.

பெட்டி வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எல்லா இலவச அலைவரிசையும் எடுக்குமா, ஒரு கம்பனிக்கு மட்டும் பூட்டியதா? பூட்டிய பெட்டி என்றால் கட்டணம் நின்றதும் அநேகமாக வெறும் பெட்டிதான். எம்பெக்-4 வகையா? பழைய எம்பெக்-2 பெட்டியில் சில அலைவரிசைகள் வராது. பின்பக்கம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துவாரங்கள் இருக்கின்றனவா? வீட்டில் பழைய குண்டு டிவி என்றால் அது கட்டாயம். இல்லாவிட்டால் பெட்டியோடு டிவியும் வாங்கவேண்டி வரும்.

பூட்டும்போது: ஃப்ரீ டிஷ் செய்மதி இங்கிருந்து தென்கிழக்கே, ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் தென்னோலை மறைத்தால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் உடையும். இங்கே உப்புக் காற்று. வயர் மூட்டுகளை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். கார்த்திகை மாதப் பெருமழையில் படம் போனால் பெட்டி பழுதில்லை, மழைதான் தடுக்கிறது. திருத்துபவருக்குக் காசு கொடுக்காமல் அரை மணி பொறுங்கள். கொஞ்சம் பெரிய டிஷ் என்றால் இந்தத் தொல்லை குறையும். இடி முழங்கும்முன் வயர்களைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, பற்றுச்சீட்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். உத்தரவாதக் காலத்தை அதில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1977க்கு அழைக்கலாம். தனியாகக் கடைக்குப் போகாதீர்கள். ஐந்து வீட்டார் சேர்ந்து போங்கள். விலையும் குறையும், கடைக்காரரின் பேச்சும் குறையும்.

நாள் முழுக்க வெயிலில் தேங்காய் பொறுக்கிய அக்கா இரவில் ஒரு நாடகம் பார்ப்பது ஆடம்பரம் என்று சொல்ல நான் வரவில்லை. அது அவர் உரிமை. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் எத்தனை பேர் கொடுக்கிறார் என்பதை மட்டும் அவரே கணக்குப் பார்க்கவேண்டும். முதலில் அன்டனா, பிறகு இலவச டிஷ், கையில் மிச்சம் இருந்தால் மட்டும் கட்டண டிஷ். இந்த வரிசையை மறக்காதீர்கள்.