சிபாரிசு இல்லாத பிள்ளைகள்



யார் நினைவாக இந்த அறக்கட்டளையின் சார்பில் இன்று கூடியிருக்கிறோமோ, அவர் ஐடிஐயில் ஃபிட்டர் பாடம் நடத்தியவர். பெங்களூரின் பீன்யாவில் எந்தப் பட்டறைக்கு ஆள் வேண்டும் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். "இவன் கையில் அரம் நன்றாக ஓடும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பையனை அனுப்புவார். சிபாரிசு என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. அந்தச் சொல்லுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-இல் தொடங்கப்பட்டவை நம் வேலைவாய்ப்பு அலுவலகங்கள். 1959-இல், காலியிடத்தைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. காலியிடமும் பதிவாகும், ஆளும் பதிவாகும். இவனுக்கு வேலை தெரியும் என்று முதலாளியிடம் சொல்ல மட்டும் ஒருவரும் இருக்க மாட்டார். பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயது போனவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

சொல்ல ஆள் இருந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்குக் கோலார் தங்கவயலைப் பாருங்கள். அப்பா சுரங்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு அங்கே முகம் பார்த்து வேலை கொடுக்க ஆள் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது சம்பளத்தோடு அந்த அறிமுகமும் போயிற்று. இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் வருகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். டிப்ளமோ இருக்கிறது, பட்டம் இருக்கிறது. தெரிந்தவர் இல்லை. நான் கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலை பார்த்த நாளில், அப்படி வந்த ஒரு பெண்ணுக்குப் பெங்களூரின் மறுகோடியில் வேலை கிடைத்தது. எங்கள் கணக்கில் ஒன்று கூடியது. ஹாஸ்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகாமல் மூன்றாம் மாதமே அவள் ஊர் திரும்பியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தெரிந்தவர் சொல்லி வேலை கிடைக்கும் இந்த அறிமுகச் சங்கிலியைக் கணினியில் கொண்டுவர 2007-இல் பெங்களூரிலேயே பாபாஜாப் முயன்றது. டிரைவர், சமையல்காரர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கான தளம் அது. 2017-இல் குவிக்கர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. நல்ல முயற்சிதான். ஆனாலும் கையைப் பார்த்தவர் சொல்லும் சொல்லுக்கு அது ஈடாகாது.

கையைப் பார்க்க வழி இருக்கிறது. டென்மார்க் உதவியோடு 1972-இல் தொடங்கிய அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தில் டூல் அண்ட் டை டிப்ளமோ படிப்பவர்கள், கடைசி ஓராண்டைத் தொழிற்சாலையிலேயே கழிக்கிறார்கள். படிப்பு முடியும்போது முதலாளிக்குப் பையனைத் தெரியும், பையனுக்கு அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று தெரியும். 1961-இன் அப்ரெண்டிஸ் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுக்க வேண்டும்.

கர்நாடக அரசின் யுவநிதி, வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3000 ரூபாயும் டிப்ளமோ முடித்தவருக்கு 1500 ரூபாயும் தருகிறது. இன்டர்வியூவுக்குப் போய்வர அது உதவும், வரவேற்கிறேன். அதோடு ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தன் ஆசிரியர் ஒருவரை வாரம் அரை நாள் பட்டறைகளுக்கு அனுப்பட்டும். வேலைக்குப் போன பிள்ளையை ஓராண்டு வரை அவர் விசாரிக்கட்டும். நம் ஆசிரியர் பீன்யாவுக்குப் போய்வந்தது சொந்தக் காசில். அடுத்துப் போகும் ஆசிரியருடைய பஸ் காசையாவது இந்த அறக்கட்டளை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.