அதிகாரப் பத்திரமும் அதன் ஆயுளும்



நம்முடைய காரியங்களை நம் சார்பில் நடத்துவதற்கு இன்னொருவருக்கு எழுத்து மூலம் உரிமை வழங்குவதே அதிகாரப் பத்திரம். இதனைப் "பவர் ஆஃப் அட்டர்னி" என்றும், தேசிய மொழியில் "சூராட் குவாசா வாக்கில்" என்றும் கூறுவர். பத்திரம் எழுதிக் கொடுத்தவரே சொத்துக்கு உரியவர். பெற்றவர் அவருடைய கையாக மட்டுமே நிற்கிறார். இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. கோலாலம்பூர் அம்பாங் வீதியில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரின் முறையை எண்ணிப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜண்டு இங்கே கடன் கொடுப்பார். நிலத்தை ஈடாகப் பெறுவார். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்ப, அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். யாருக்கு அதிகாரம், எதற்கு, எதுவரை என்னும் தெளிவே அந்த முறைக்கு உயிர்நாடியாக இருந்தது.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு வழிகாட்டுவது 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம். மாஜிஸ்திரேட்டு, வழக்கறிஞர், சத்தியப் பிரமாண ஆணையர் போன்று சட்டம் குறிப்பிடும் ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பின்னர் அதனை உயர்நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைத்துப் பதிய வேண்டும். வீட்டிலே எழுதிப் பெட்டியில் பூட்டிய தாளுக்குச் சட்ட வலிமை இல்லை. நிலம் பற்றிய காரியமாயின், நில அலுவலகத்திலும் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும்.

இவ்வதிகாரம் எப்போது முடிகிறது? கொடுத்தவர் எழுத்து மூலம் ரத்து செய்து, அந்த அறிவிப்பை உயர்நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் முடிகிறது. பெற்றவர் தமக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் முடிகிறது. இருவரில் ஒருவர் இறந்தாலும், சித்த சுவாதீனத்தை இழந்தாலும், கொடுத்தவர் நொடித்துப்போனவர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டாலும் முடிகிறது.

இவற்றுள் மரணமே பலரை இடறச் செய்வது. தோட்டத்தில் உழைத்துக் கிள்ளானில் ஒரு வீடு வாங்கிய பெரியவர், பிரிக்பீல்ட்ஸில் வாழும் தம் மகனுக்கு அதிகாரப் பத்திரம் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தந்தை கண்மூடிய பின், "பத்திரம் என் கையில்தானே இருக்கிறது" என்று மகன் வீட்டை விற்கக் கையொப்பமிடலாமா? ஆகாது. தந்தையின் மூச்சோடு அந்த அதிகாரமும் போயிற்று. இனி அவ்வீடு வாரிசுகள் அனைவரையும் சார்ந்தது. தாய்க்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. நிலமோ வீடோ அடங்கிய, ஐம்பது லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சொத்தை, உயில் இல்லாதவிடத்து, நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீட்டு மனுச் செய்து பிரித்துக்கொள்ளலாம். ஆகவே, அதிகாரப் பத்திரம் உயில் ஆகாது. நமக்குப் பின் யாருக்கு எது என்பதைச் சொல்ல உயிலே வேண்டும்.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. தக்க பிரதிபலன் பெற்றுக்கொண்டு, "ரத்து செய்ய இயலாதது" என்று எழுதிக் கொடுத்த பத்திரத்தை, பெற்றவர் இசையாமல் கொடுத்தவர் நீக்க முடியாது. அவரது மரணமும் அதனை முடிப்பதில்லை. கடனுக்கோ வீட்டு விற்பனைக்கோ நீட்டப்படும் பத்திரத்தில் இச்சொற்கள் உள்ளனவா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மொழி விளங்காவிடின், வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேளுங்கள். "எல்லாக் காரியங்களுக்கும்" என்று பொதுப்பட எழுதாமல், எந்த வீடு, எந்தக் காரியம் எனக் குறிப்பிடுங்கள். ரத்து செய்தால், உயர்நீதிமன்றத்தோடு நில அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அதிகாரம் பெற்றவருக்கும் தெரிவியுங்கள். ஐயம் எழுந்தால் சட்ட உதவி இலாகாவை நாடுங்கள்.

நம்பிக்கை நல்லதுதான்; அதற்கு ஓர் எல்லையை எழுதி வைப்பது குடும்ப ஒற்றுமைக்கும் நல்லது.